பார்லியும் மைலோவும் வேண்டாமென்றால் வேறு என்ன குடிப்பது?

போன இதழில் சீலியாக் நோய் உள்ளவர்களுக்கான பலகாரங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு எழுதியவர்களில் பலர் குடிக்கிற பொருளைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். பினாங்கு வெயிலுக்கு அது நியாயமான கேள்வி. அதனால் இந்த மாதம் முழுக்க ஜூஸ், டீ, கோப்பி, மோர்தான்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. கோதுமை, பார்லி, ரை என்ற தானியங்களில் இருக்கும் புரதம்தான் குளூட்டன். சீலியாக் உள்ளவர்களின் வயிற்றுக்குள் அது போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி அவர்களுடைய சிறுகுடலின் உட்சுவரையே தாக்கும். இதைக் குணப்படுத்த மாத்திரை கிடையாது. அந்தத் தானியங்களை வாழ்நாள் முழுக்க ஒதுக்குவதுதான் வைத்தியம். அரசு மருத்துவமனையில் உணவியல் ஆலோசகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இதே நோயுள்ள ஒரு மகளுக்கு அம்மாவும்கூட. இரண்டையும் சேர்த்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு வயது 12. நான்கு மாதத்துக்கு முன் சீலியாக் என்று மருத்துவர் சொன்னார். அன்றே ரொட்டி சானாய் (பரோட்டா), பிஸ்கட், மீ (நூடுல்ஸ்) எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். ஆனாலும் வயிற்றுவலியும் உப்புசமும் விடவில்லை. உடம்புச் சூடு தணியட்டும் என்று என் மாமியார் தினமும் பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுக்கிறார். பள்ளிக்கு மைலோ கொண்டு போகிறாள். வேறு எதில் குறை இருக்கும்?
– ஒரு தாய், பிறை

பதில்: தங்கச்சி, குறை அந்த இரண்டிலும்தான் இருக்கிறது. இன்றைக்கே நிறுத்துங்கள்.

பார்லி என்பது குளூட்டன் உள்ள தானியம். வேகவைத்து, வடிகட்டி, தெளிவை மட்டும் இறுத்துக் கொடுத்தாலும் அதன் புரதம் தண்ணீரில் இறங்கியிருக்கும். மைலோ என்ற சாக்லேட் பானத் தூளின் முக்கியச் சரக்கே பார்லியை முளைக்க வைத்து எடுக்கிற மால்ட் சாறு. ஒவல்டினும் அப்படித்தான். ஹார்லிக்ஸில் பார்லி மால்ட்டோடு கோதுமையும் சேர்கிறது. நெஸ்டம் போன்ற தானியத் தூள்களிலும் கோதுமை உண்டு. காய்ச்சல் வந்தால், பிள்ளை இளைத்துப் போனால், பரீட்சைக்குப் படித்தால், நம் வீடுகளில் கைக்கு முதலில் வருவது இந்த டப்பாக்கள்தான். யாரும் கெடுதல் நினைத்துக் கொடுப்பதில்லை. அதனால்தான் ரொட்டியை நிறுத்திய வீட்டிலும் இவை பல மாதம் தொடர்ந்து உள்ளே போய்க்கொண்டிருக்கின்றன.

எவ்வளவு போனால் கெடுதல் என்று கேட்பீர்கள். நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் தொடர்ந்து போனாலே சீலியாக் உள்ளவர்களின் குடலில் பாதிப்பு தெரிகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். ஒரு துண்டு ரொட்டியில் இரண்டு கிராம் அளவுக்கு இருக்கும். அதாவது, கெடுதலுக்கு அந்த ரொட்டியில் நாற்பதில் ஒரு பங்கே போதும். தினமும் ஒரு கிளாஸ் பார்லி, ஒரு பாட்டில் மைலோ என்றால் குடல் ஆறுவதற்கு எங்கே நேரம்?

மாமியாரிடம் கோபப்படாதீர்கள். நீர்க்கடுப்புக்கும் கர்ப்பிணிகளின் கால் வீக்கத்துக்கும் காலங்காலமாகப் பார்லி கொடுத்த கை அது. அவரிடமே வேறு பொறுப்பைக் கொடுங்கள். இளநீர் இருக்கிறது. சப்ஜா விதையை ஊறவைத்து எலுமிச்சைச் சாற்றில் போடலாம். இரவு ஊறவைத்த வெந்தயத் தண்ணீர், சீரகத் தண்ணீர், பெருங்காயம் போடாத மோர் எல்லாமே நல்லவை. (பெருங்காயத்தைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.) சிறுநீர் எரிச்சல் இருந்தால் வெறும் தண்ணீரை நிறையக் குடிக்கச் சொல்லி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

மைலோவுக்குப் பதில் வீட்டில் கொக்கோ கலக்கிக் கொடுக்கலாம். இனிப்புச் சேர்க்காத கொக்கோத் தூள் ஒரு மேசைக்கரண்டி எடுத்து, கொஞ்சம் வெந்நீரில் கட்டியில்லாமல் குழைத்து, சூடான பால் ஊற்றி, கூலா மலாக்காவை (தென்னை வெல்லம்) கொஞ்சம் சீவிப் போடுங்கள். ஒரு சிட்டிகை உப்பும் போட்டால் மைலோவின் அந்த மணத்துக்குக் கிட்டே வரும். என் மகள் படிவம் மூன்றில் இருந்தபோது இதைத்தான் பிளாஸ்கில் எடுத்துப் போவாள். கொக்கோ பாக்கெட்டிலும் பின்பக்கத்தைப் படியுங்கள், சிலவற்றில் மால்ட் கலந்திருக்கும்.

பள்ளி விளையாட்டுப் போட்டி நாளில்தான் பிள்ளைகளுக்குக் கஷ்டம். மைலோ வண்டி வந்து நிற்கும், மொத்தப் பள்ளியும் காகிதக் கப்போடு வரிசை பிடிக்கும். அந்த வரிசையில் நிற்காதே என்று மட்டும் சொல்லி அனுப்பினால் பிள்ளை மனசு வாடும். அன்றைக்குக் குளிரக் குளிரக் கொக்கோப் பாலை இரண்டு பாட்டிலாகக் கொடுத்துவிடுங்கள், தோழிக்கும் ஒன்று. வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். குடல் சுவர் புண்பட்டிருக்கும் ஆரம்ப மாதங்களில் பாலில் உள்ள லாக்டோஸ் சிலருக்குச் செரிக்காது. பார்லியும் மைலோவும் நின்ற பிறகும் பால் குடித்தால் உப்புசம் வந்தால், கொஞ்ச காலத்துக்கு லாக்டோஸ் நீக்கிய பாலோ, கால்சியம் சேர்த்த சோயாப் பாலோ கொடுத்துப் பாருங்கள். குடல் ஆறியதும் பெரும்பாலானவர்கள் பழையபடி பாலுக்குத் திரும்பிவிடுவார்கள். அப்புறம், மகளுக்கு அண்ணன் தம்பி இருந்தால் அவர்களுக்கும் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கூடப் பிறந்தவர்கள், பெற்றோர், பிள்ளைகள் என்ற நெருங்கிய சொந்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது இருக்க வாய்ப்புண்டு. உங்களையும் கணவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கேள்வி: பேரங்காடியில் பெட்டி ஜூஸ் வாங்கும்போது லேபிளில் மால்ட்டோடெக்ஸ்ட்ரின், காரமல் நிறம், மாவுச்சத்து என்று ஏதேதோ இருக்கிறது. எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: பழத்தில் குளூட்டன் இல்லை. ஆரஞ்சு, ஆப்பிள், கொய்யா, மாம்பழம், அன்னாசி, எந்தப் பழமானாலும் சரி. நூறு விழுக்காடு பழச்சாறு என்று இருந்தால், சேர்மானத்தில் பழத்தின் பெயரும் வைட்டமின் சியும் மட்டும் இருந்தால், கவலையில்லாமல் வாங்குங்கள்.

மால்ட்டோடெக்ஸ்ட்ரின் பெயரைப் பார்த்து மால்ட் என்று நினைத்துப் பலர் பெட்டியைத் திரும்ப வைத்துவிடுகிறார்கள். அது மாவுச்சத்தை உடைத்துச் செய்கிற பொடி. பெரும்பாலும் சோளத்திலிருந்தோ மரவள்ளியிலிருந்தோ வருவது. கோதுமையிலிருந்து எடுத்தாலும் புரதம் கிட்டத்தட்ட முழுக்க நீங்கிவிடும். ஐரோப்பாவில் கோதுமை மால்ட்டோடெக்ஸ்ட்ரினுக்கு ஒவ்வாமை அறிவிப்பே போட வேண்டியதில்லை என்று விலக்கு கொடுத்திருக்கிறார்கள். காரமல் நிறத்துக்கும் பயப்பட வேண்டாம். நிறுத்திப் படிக்க வேண்டியவை வேறு சொற்கள்: மால்ட், 'எக்ஸ்ட்ராக் மால்ட்', 'பார்லி', 'கண்டும்', 'ராய்', 'ஓட்'. மலாயில் கண்டும் என்றால் கோதுமை, ராய் என்றால் ரை, ஓட் என்றால் ஓட்ஸ். நம் நாட்டின் 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறையின்படி, குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும். சேர்மானப் பட்டியலின் அடியில் 'மெங்கான்டுங்கி' (இதில் உள்ளவை) என்று தொடங்குகிற வரியில்தான் அநேகமாக இருக்கும். முன்பக்கத்து ஆரஞ்சுப் படத்தை விட்டுவிட்டு நேராக அந்த வரிக்குப் போங்கள்.

பழத்தோடு தானியம் சேர்த்த பானங்கள் இப்போது அதிகம். காலை உணவுக்குப் பதிலாகக் குடிக்கும் பாட்டில்கள், நார்ச்சத்துச் சேர்த்த ஸ்மூத்திகள், தானியப் பால் பெட்டிகள் ஆகியவற்றை வரிக்கு வரி படிக்க வேண்டும். சோயாப் பால் தனியாக இருந்தால் நல்லது, மால்ட் சுவை போட்டதென்றால் கூடாது. பாட்டிலில் 'குளூட்டன் இல்லை' என்று போட்டிருந்தால் அதற்கு ஓர் அளவு உண்டு. உலக உணவுத் தர விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. ஆனால் அந்த எழுத்து இருக்கிறது என்பதற்காகச் சாதாரண ஆரஞ்சு ஜூஸுக்கு இரட்டிப்பு விலை கொடுக்காதீர்கள். ஆரஞ்சில் முன்பும் குளூட்டன் இருந்ததில்லை.

சீனியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குளூட்டனை நிறுத்தியவர்கள் அந்த இடத்தை ஜூஸால் நிரப்புவதை நிறையப் பார்த்திருக்கிறேன். 250 மில்லி ஆப்பிள் ஜூஸில் சுமார் ஐந்து தேக்கரண்டிச் சீனி இருக்கிறது, ஒரு சீனிக்கட்டிகூடப் போடாமலே. 7 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு கிளாஸ் போதும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. பெரியவர்களுக்கும் அதுதான் என் அளவு. கோதுமை ரொட்டியை விட்டதால் நார்ச்சத்து ஏற்கெனவே குறைந்திருக்கும். பழத்தைச் சுளையாகவே சாப்பிட்டால் அதுவும் சேர்த்துக் கிடைக்கும். ஆப்பிள், பேரிக்காய்ச் சாறு அதிகமானால் சிலருக்கு வயிறு ஊதும். அதைக் குளூட்டன் என்று நினைத்துப் பதற வேண்டியதில்லை.

கேள்வி: ஆபீஸ் முடிந்து நண்பர்களோடு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) உட்காராமல் இருக்க முடியாது. தே தாரிக் குடிக்கலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தே தாரிக்கில் இருப்பது தேயிலையும் பாலும் சீனியும்தான். மூன்றிலும் குளூட்டன் இல்லை. தே ஓ (பாலில்லாத டீ), தே சி (சுண்டிய பால் ஊற்றிய டீ), லைச்சி, பண்டோங் (ரோஸ் சிரப் கலந்த பால்) எல்லாம் அப்படித்தான். நெஸ்காப்பியும் மைலோவும் கலந்த நெஸ்லோ மட்டும் கூடாது, அதில் பாதி மைலோ.

நான் பயப்படுவது கரண்டிக்கு. அடுத்த முறை தண்ணீர் கலக்குகிறவர் கையை ஐந்து நிமிடம் கவனியுங்கள். ஒரே நீளக் கரண்டி மைலோ டின்னுக்குள் போகும், கிளாஸில் கொட்டும். துடைக்காமல் திறந்த கெட்டிப்பால் டின்னுக்குள் இறங்கும். அந்தப் பாலிலிருந்துதான் உங்கள் டீக்கும் எடுப்பார்கள். ஹார்லிக்ஸ் ஆற்றிய அதே குவளையைத் தண்ணீரில் ஒரு அலசு அலசி, அடுத்து தே தாரிக் இழுப்பார்கள். இரண்டடி தள்ளி ரொட்டிக்கு மாவு வீசுகிறார்கள், அந்தத் தூசியும் மேசையில் படிகிறது. அந்தக் கடைக்காரர் தப்பாக எதுவும் செய்யவில்லை. நூறு பேருக்குக் கலக்குகிற கை அப்படித்தான் போகும்.

பினாங்கில் நமக்கு ஒரு வசதி, மாமாக் கடையில் தமிழிலேயே பேசலாம். "அண்ணே, எனக்கு மைலோ, ஹார்லிக்ஸ், கோதுமை எதுவும் பட்டா உடம்புக்கு ஆகாது. வெந்நீர்ல கழுவின கிளாஸ்ல தே ஓ, சீனி நானே போட்டுக்கிறேன்" என்று சொல்லுங்கள். கூட்டமில்லாத நேரத்தில் ஒரு தடவை நிதானமாக விளக்கினால் அடுத்த தடவை அவரே ஞாபகம் வைத்துக்கொள்வார். கூட்டம் அதிகமாக இருந்தால், உங்கள் கண்ணெதிரே வெட்டுகிற இளநீரோ டின் பானமோ வாங்கிவிடுங்கள். பால் டீதான் வேண்டுமென்றால் புதிதாகத் திறந்த டின்னிலிருந்து கேட்கலாம். கேட்க வெட்கப்படாதீர்கள் தம்பி, குடல் உங்களுடையது.

பழ ஜூஸ் கடையில் பிளெண்டர்தான் பிரச்சினை. மைலோவும் தானியமும் போட்டு அடித்த ஜாடியில் உங்கள் தர்ப்பூசணியையும் அடிப்பார்கள். கொய்யா, காரட் என்று சாறு பிழிகிற தனி யந்திரம் இருந்தால் அதில் வாங்குங்கள். பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) பெரிய பாலாங் ஜாடிகளில் வரிசையாக வைத்திருப்பார்களே, அங்கே கரும்புச் சாறும் பார்லியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், அகப்பை ஒன்றாக இருக்கும். அந்த வரிசையில் ஒரு ஜாடி பார்லியாக இருந்தாலும் நான் வாங்கமாட்டேன். கரும்பை எதிரிலேயே பிழிகிற வண்டி அடுத்த சந்திலேயே நிற்கும்.

நம் ஊரின் தனிச் சுவைகளைத் தாராளமாகக் குடியுங்கள். ஆசாம் போய் (உப்பிட்டு உலர்த்திய புளிப்புப் பழம்) போட்ட அம்ப்ரா காய் ஜூஸ், பாலேக் பூலாவ் பக்கத்து ஜாதிக்காய் ஜூஸ் இரண்டும் பழமும் சீனியும் உப்பும்தான். செண்டோல் என்ற தேங்காய்ப்பால் இனிப்பில் பச்சைப் புழு போல மிதப்பது பெரும்பாலும் அரிசி மாவிலும் பாசிப்பயறு மாவிலும் செய்வது. ஆனாலும் என்ன மாவு என்று கடைக்குக் கடை கேளுங்கள். சீனர் கடைகளில் லெங் சீ காங், புச்சோக் பார்லி என்று விற்கும் இனிப்புத் தண்ணீர்களில் பார்லி மணி மிதக்கும். அதை எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடிக்கலாமே என்று ஓர் அம்மா என்னிடம் கேட்டார். கூடாது, அது வெந்ததே அந்தத் தண்ணீரில்தான்.

கேள்வி: கோப்பித்தியாம் (காப்பிக் கடை) கோப்பி ஓ, அதாவது பாலில்லாத காப்பி, குடிக்கலாமா?
– வாசகி, ஜெலுத்தோங்

பதில்: காப்பிக்கொட்டையில் பிரச்சினை இல்லை. நம் ஊர்க் கோப்பியை வறுக்கும்போது சீனி, மார்ஜரின் சேர்ப்பார்கள், சில தூள்களில் சோளமோ கோதுமையோகூடச் சேர்ந்திருக்கும். பாக்கெட்டில் 'கோப்பி சம்புரான்' என்றிருந்தால் காப்பியோடு வேறு பொருள் கலந்திருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்கு வாங்கும்போது அதன் சேர்மானத்தைப் படியுங்கள். வெளியில் குடிக்க வேண்டுமென்றால், கொட்டையை அப்போதே அரைத்துப் போடுகிற கடையில் குடிப்பது நல்லது.

கேள்வி: தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு நடந்துதான் போவேன், இது வேண்டுதல். போன வருடம் சீலியாக் என்று தெரிந்தது. வழியெங்கும் தண்ணீர்ப் பந்தலில் அன்போடு கொடுக்கிறார்கள், வேண்டாம் என்று சொன்னால் பாவம் மாதிரி இருக்கிறது. எதை வாங்கலாம்?
– பக்தை, ஜோர்ஜ்டவுன்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை அம்மா. தைப்பூசத்தன்று ஜாலான் கெபுன் பூங்காவில் இரண்டு பக்கமும் பந்தல், நீட்டாத கை கிடையாது. நானும் என் மகளும் அந்தப் பாதையில் நடக்கிறவர்கள்தான்.

கோதுமைக்கும் பார்லிக்கும் சம்பந்தமில்லாதவை முதலில்: போத்தல் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, பானகம், ரோஸ் சிரப், கரும்புச் சாறு. பானகத்தில் வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் எலுமிச்சையும்தான். தள்ள வேண்டியவை பார்லித் தண்ணீர், மைலோ, சேமியாப் பாயசம். ஜவ்வரிசிப் பாயசத்தில் சேமியா கலக்காமல் இருந்தால் சரி.

மோர்தான் யாரும் எதிர்பார்க்காத இடம். மோரில் தவறில்லை, அதில் தாளித்துக் கொட்டும் பெருங்காயத்தில் இருக்கிறது. கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயம் சுத்தமான பிசின் கிடையாது. பிசினின் காட்டத்தைக் குறைக்க மாவு சேர்க்கிறார்கள், அது பெரும்பாலும் கோதுமை மாவு. தூளிலும் உண்டு, கட்டியிலும் உண்டு. உங்கள் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள், எழுத்து பொடியாக இருக்கும், கண்ணாடி போட்டுப் படியுங்கள். என் வீட்டில் அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் மட்டும்தான் வாங்குகிறேன். கிடைக்காத மாதத்தில் பெருங்காயமே போடுவதில்லை, இஞ்சியும் கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும் தட்டிப் போட்டால் நீர்மோர் நன்றாகவே இருக்கிறது. ரசம், சாம்பார், ஊறுகாய்க்கும் இதே கதைதான் என்பதால் இந்த டப்பாவை இன்றே பாருங்கள்.

பந்தலில் கொடுப்பவரிடம், "பிரசாதமா எடுத்துக்கிறேன் அண்ணே, தண்ணி போத்தல் கொடுங்க, மருத்துவர் சொன்ன பத்தியம்" என்று சொன்னால் போதும். பத்தியம் என்ற ஒரு வார்த்தைக்கு நம் ஆட்கள் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். இடுப்பில் ஒரு பாட்டில் உப்பும் சீனியும் எலுமிச்சையும் கலந்த தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். மலையேறுகிற நேரத்தில் உப்பு இறங்கினால் தலைசுற்றும். பந்தல் போடுகிற சங்கத்தினர் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: பார்லிக்கும் மோருக்கும் தனித்தனி அகப்பை வையுங்கள், பெருங்காயம் போடாத மோர் ஒரு தவலையாவது இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு அடிக்கடி வயிறு உப்புகிறது. தோழி சொன்னாள் என்று கோதுமையை நிறுத்திவிட்டு ஜூஸ் விரதம் இருக்கப் போகிறேன். எந்த ஜூஸில் ஆரம்பிக்கலாம்?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: எதிலும் ஆரம்பிக்காதீர்கள். முதலில் இரத்தப் பரிசோதனை. திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் எதிர்ப்பொருள் என்று ஒரு சோதனை இருக்கிறது, மருத்துவரிடம் சீலியாக் பரிசோதனை என்று கேட்டாலே புரியும். அது சரியாகத் தெரிய வேண்டுமானால் நீங்கள் குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும், குறைந்தது ஆறு வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் சோதனையில் நோய் இல்லை என்று வந்துவிடும். பிறகு எண்டோஸ்கோப்பி வழியாகக் குடல் திசு எடுத்துப் பார்த்து உறுதி செய்வார்கள்.

இது வெள்ளைக்காரர் நோய் என்று நினைக்கிறவர்கள் மருத்துவர்களிலும் இருந்தார்கள். மலேசியாவில் ஆரோக்கியமான 562 இளைஞர்களின் இரத்தத்தைச் சோதித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில் 1.25 விழுக்காட்டினருக்குச் சீலியாக் எதிர்ப்பொருள் இருந்தது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரிலும் இருந்தது. உங்கள் உப்புசத்துக்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம், பாலாகவும் இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். தெரிந்துகொண்டு நிறுத்துங்கள்.

கேள்வி: சீலியாக்கோடு இரத்தச்சோகையும் இருக்கிறது. இரும்புச்சத்து ஏற என்ன குடிக்கலாம்?
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: மருத்துவர் கொடுத்த இரும்பு மாத்திரையை எந்த ஜூஸும் ஈடுகட்டாது. ஆனால் அந்த மாத்திரை உடம்பில் சேர்வதற்கு ஜூஸ் உதவும். சாப்பாட்டோடு ஒரு சின்னக் கிளாஸ் கொய்யாச் சாறோ எலுமிச்சைச் சாறோ குடியுங்கள், வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும். டீயும் கோப்பியும் அதற்கு எதிர், சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும். சத்துமாவுக் கஞ்சி குடிக்கிறவரென்றால் அந்த மாவில் கோதுமையும் பார்லியும் அரைபட்டிருக்கும், நிறுத்துங்கள். கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும் குடிக்கலாம், இரண்டிலும் குளூட்டன் இல்லை. ஆனால் கோதுமை அரைக்கிற மில்லில் அரைத்த மாவு வேண்டாம். தானியமாக வாங்கிக் கல் பொறுக்கிக் கழுவிக் காயவைத்து வீட்டு மிக்சியில் அரைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பங்சாரில் எல்லாக் காப்பிக் கடையிலும் ஓட்ஸ் பால் போடுகிறார்கள். ஆகுமா?
– கல்லூரி மாணவி, கோலாலம்பூர்

பதில்: ஓட்ஸில் இயற்கையாகக் கோதுமைக் குளூட்டன் இல்லை. ஆனால் வயலிலும் லாரியிலும் மில்லிலும் கோதுமையோடும் பார்லியோடும் கலந்துவிடும். குளூட்டன் இல்லை என்று சான்றுள்ள ஓட்ஸ்கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. மருத்துவர் சரியென்று சொல்லி, பெட்டியில் குளூட்டன் இல்லை என்று போட்டிருந்தால் வீட்டில் குடித்துப் பாருங்கள். கடையில் என்ன பெட்டி என்று தெரியாது, ஆகவே சாதாரணப் பாலோ சோயாவோ கேளுங்கள். நுரை எழுப்புகிற குழாயை உங்கள் பாலுக்கு முன் துடைக்கச் சொல்லுங்கள், அதற்கு முன்னால் அது ஓட்ஸ் பாலுக்குள்தான் இருந்திருக்கும். ஜப்பானியர், கொரியர் உணவகங்களில் தண்ணீருக்குப் பதிலாக வைக்கிற பழுப்பு நிறத் தேநீர் பெரும்பாலும் வறுத்த பார்லி. கேட்காமல் வாயில் வைக்காதீர்கள்.

கேள்வி: விசேஷ நாளில் ஒரு கிளாஸ் பீர்?
– வாசகர், கிள்ளான்

பதில்: பீர், ஸ்டவுட், ஷாண்டி மூன்றும் பார்லி. மது இல்லாத மால்ட் பானமும் பார்லிதான். தென்னங்கள், ஒயின், காய்ச்சி வடித்த மதுவகைகளில் குளூட்டன் இல்லை. ஆனால் குடல் ஆறாத நேரத்தில் மது எதுவும் வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம்.

கேள்வி: பக்கத்து வீட்டு அக்கா நேரடி விற்பனையில் ஒரு பச்சைத் தூள் கொடுத்தார். பார்லிப் புல்லும் கோதுமைப் புல்லும் கலந்தது. புல்தானே, தானியம் இல்லையே என்கிறார். 200 ரிங்கிட்டுக்கு மேல் விலை. குடிக்கலாமா?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: அந்த அக்கா சொல்வதில் பாதி உண்மை. குளூட்டன் விதையில்தான் இருக்கிறது, இளம் இலையில் இல்லை. ஆனால் புல் முளைப்பதே அந்த விதையிலிருந்து. அறுவடை நாலு நாள் தள்ளிப்போனாலும் விதையோ கதிரோ சேர்ந்து அரைபட்டாலும் தூளைப் பார்த்து உங்களால் கண்டுபிடிக்க முடியாது. பரிசோதித்த சான்று இல்லாத பச்சைத் தூளைச் சீலியாக் உள்ளவர்கள் தொட வேண்டாம். அதிலிருக்கிற சத்து ஒரு பிடி பசலைக்கீரையில் இருக்கிறது, ஆயர் ஈத்தாம் சந்தையில் காலையில் வாங்கலாம். திறக்காத பாக்கெட்டாக இருந்தால் இன்றே திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள், திறந்துவிட்டீர்கள் என்றால் சீலியாக் இல்லாத யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.